3டி சார்ட்டை அமுக்காதீர்கள்: எக்செல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் எம்.ஐ.எஸ். பிரிவில் (நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் பிரிவு) புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மாதாந்திர ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான்கு 3டி சார்ட்கள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். "ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டேன். "இடம் பத்தலக்கா, அதான் கொஞ்சம் அமுக்கிட்டேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் அமுக்கினேன். அதனால் என்ன நடந்தது என்பதை அவரிடம் அரை மணி நேரம் சொன்னேன். அடுத்து வருபவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

3டியே வேண்டாம், 2டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984-ல் செய்து காட்டிய ஆராய்ச்சியிலேயே இது இருக்கிறது: ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தைக் கண் நன்றாகக் கணிக்கும், கோணத்தையும் பருமனையும் கணிப்பதில் தடுமாறும். எனக்கும் அதே கருத்துதான். ஆனால் பல ஆபீஸ்களில் டெம்ப்ளேட் 3டியில்தான் இருக்கிறது, பெரியவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லாதபோது, அளவு விகிதத்தையாவது ஒழுங்காக வைக்க வேண்டும். நிறம், தலைப்பு, எழுத்தளவு பற்றி இங்கே எழுதவில்லை. அவை இரண்டு மாதத்தில் தானாகக் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். எக்செல்லில் 3டி சார்ட் என்பது ஒரு பெட்டி. அடிப்பக்கம், உயரம், ஆழம் மூன்றும் உண்டு. சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 3-டி ரொட்டேஷன் போனால் இந்தப் பெட்டியின் அளவுகள் கிடைக்கும். உயரமும் ஆழமும் சென்டிமீட்டரில் இருக்காது, அடிப்பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். உயரத்தை 5 முதல் 500 வரையும், ஆழத்தை 20 முதல் 2000 வரையும் கொடுக்கலாம். உயரம் 50 என்றால் பெட்டி குட்டை, 200 என்றால் கோபுரம். டேட்டா ஒன்றுதான், ஆனால் பார்ப்பவர் மனதில் பதியும் செய்தி வேறு வேறு.

ஆட்டோஸ்கேல் டிக்கை எடுக்காமல் ஓரத்தைப் பிடித்து இழுப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் வேலை பார்ப்பது நூற்பாலையில். மில்லில் மாதாமாதம் எல்லோரும் பயத்தோடு பார்க்கும் எண் யு.கே.ஜி. ஒரு கிலோ நூல் எடுக்க எத்தனை யூனிட் கரண்ட் செலவானது என்பது அது. எங்களுக்கு இரண்டு மில்கள். குழப்பம் வராமலிருக்க முதல் மில், இரண்டாவது மில் என்றே சொல்கிறேன். ஆறு மாத யு.கே.ஜி.யை இரண்டு 3டி பார் சார்ட்டாகப் போட்டு, ஒரே ஸ்லைடில் மேலும் கீழுமாக வைத்தேன். கீழே ஒரு டேபிளும் வர வேண்டியிருந்தது, இடம் போதவில்லை. இரண்டாவது மில் சார்ட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தள்ளினேன். அது அழகாக அமுங்கி உட்கார்ந்தது, எழுத்துகூடச் சிதையவில்லை. டேபிளும் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அது ஏன் அவ்வளவு அழகாக அமுங்கியது தெரியுமா? ஆட்டோஸ்கேலில் டிக் இருந்ததால். சாதாரண 3டி பார் சார்ட்டில் ரைட் ஆங்கிள் ஆக்சஸும் (அச்சுகளைச் செங்கோணமாக வைக்கும் டிக்) ஆட்டோஸ்கேலும் டிக்கோடு இருந்தால், சட்டகம் எந்த அளவோ அதற்கேற்ப எக்செல் பெட்டியை நீட்டும், அமுக்கும். அகலம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் குறையும். எச்சரிக்கை எதுவும் வராது. உயரச் சதவீதம் எழுதும் இடம் மங்கிப்போய் இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். மங்கிய கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மீட்டிங்கில் ஸ்லைடு வந்ததும் எல்லோர் கண்ணும் மேல் சார்ட்டுக்குப் போனது. முதல் மில் பார்கள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயின. கீழே இரண்டாவது மில்லின் ஏற்றம் அதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. "ஃபர்ஸ்ட் மில்லுல என்ன நடக்குது?" என்று கேள்வி வந்தது. அந்த மில்லின் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் அண்ணன் எழுந்து நின்றார். அவரிடம் பதில் இல்லை. இல்லாத தவறுக்கு எப்படிப் பதில் இருக்கும்? மூன்று வாரம் அவரும் அவர் ஆட்களும் கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், ஸ்பிண்டில் டேப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம் அவர் என் சீட்டுக்கு வந்தார். பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட்டை மேஜையில் விரித்து, "ஏம்மா, எனக்குப் படிப்பு கம்மி. 3.85, 4.02ன்னு போட்டிருக்கே. கீழ 3.80, 4.10ன்னு போட்டிருக்கே. இதுல எதும்மா ஜாஸ்தி?" என்று கேட்டார்.

முதல் மில் ஏறியது 0.17. இரண்டாவது மில் ஏறியது 0.30.

ஸ்கேலை எடுத்து அந்தத் தாளிலேயே அளந்து பார்த்தேன். இரண்டு சார்ட்டிலும் அச்சு 3.0-ல் தொடங்கி 4.5-ல் முடிந்தது. அதை நான்தான் ஒரே மாதிரி வைத்திருந்தேன், அதனால்தான் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் மேல் சார்ட்டின் பின்சுவர் 9 சென்டிமீட்டர், கீழ் சார்ட்டின் பின்சுவர் 4 சென்டிமீட்டர். அதே 1.5 யு.கே.ஜி. இடைவெளியை ஒன்றில் 9 சென்டிமீட்டரிலும் மற்றதில் 4 சென்டிமீட்டரிலும் காட்டியிருக்கிறேன். 0.17 ஏற்றம் தாளில் 1 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நின்றது. 0.30 ஏற்றம் 0.8 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. பெரிய ஏற்றம் சின்னதாகவும் சின்ன ஏற்றம் பெரியதாகவும் தெரிந்ததற்கு முழுக் காரணம் நான் இழுத்த அந்த ஒரு ஓரம்.

இரண்டாவது மில்லில் பிறகு பார்த்தபோது நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்துக்குப் போகும் ஏர் லைனில் கசிவு. அடைத்ததும் 0.1 யு.கே.ஜி. குறைந்தது. கேட்பதற்குச் சின்ன எண்தான். நாளைக்கு 8,000 கிலோ நூல் ஓடும் மில்லில் அது நாளொன்றுக்கு 800 யூனிட், மாதத்துக்கு 24,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,68,000 ரூபாய். நான் அமுக்கிய சார்ட்டால் அந்தக் கசிவு கூடுதலாக ஒரு மாதம் ஓடியது. பணத்தை விட எனக்கு இன்றும் உறுத்துவது, அந்த அண்ணன் அத்தனை பேர் முன்னால் பதில் இல்லாமல் நின்றது.

இப்போது நான் செய்வது இது. சார்ட் போட்டதும் முதல் வேலையாக ஆட்டோஸ்கேல் டிக்கை எடுத்துவிடுவேன். உயரக் கட்டம் உயிர் பெறும். அதில் ஒரு எண்ணை எழுதுவேன். எங்கள் ரிப்போர்ட்டில் 60, எல்லாச் சார்ட்டுக்கும் அதே. அதன் பிறகு ஓரத்தை இழுத்தாலும் பெட்டி மொத்தமாகச் சிறிதாகும், பெரிதாகும், விகிதம் மாறாது. பக்கத்தில் காலி இடம் விழும், விழட்டும். அடுத்து, ஒப்பிட வேண்டிய சார்ட்களின் சட்டக அளவையும் ஃபார்மட் டேபில் எண்ணாகக் கொடுப்பேன், கையால் இழுப்பதே இல்லை. முடிந்தால் இரண்டு மில்லையும் ஒரே சார்ட்டில் போட்டுவிடுவேன், ஒரே அச்சு, ஒரே சுவர்.

பவர்பாயின்ட்டில் ஒட்டிய பிறகும் இதே ஆபத்து உண்டு. சார்ட்டாகவே ஒட்டினால், ஆட்டோஸ்கேல் டிக் இருக்கும்வரை அங்கேயும் அமுங்கும். படமாக ஒட்டினால் மூலையைப் பிடித்து மட்டும் அளவு மாற்றுங்கள். பக்கவாட்டு ஓரத்தைத் தொட்டால் படமே நசுங்கும்.

பின்சுவர்க் கோட்டை வைத்து மதிப்பைப் படிப்பது

3டியில் பார் சுவரை ஒட்டி நிற்பதில்லை. கேப் டெப்த் என்ற இடைவெளி அதைச் சுவரிலிருந்து முன்னால் தள்ளி வைக்கிறது. முன்னால் வந்தது கண்ணுக்குக் கீழே இறங்கித் தெரியும். அதனால் சரியாக 4.0 இருக்கும் பாரின் தலை, சுவரில் இருக்கும் 4.0 கோட்டுக்குக் கீழே நிற்கும். புதிதாக வருபவர்கள் பலர் இதைப் பார்த்து டேட்டாவில் தப்பு என்று நினைத்து ஷீட்டைத் திருத்தப் போகிறார்கள். ஒரு தடவை அப்படித் திருத்தியே விட்டார்கள்! கேப் டெப்த்தை 0 ஆக்குங்கள், டெப்த்தையும் குறையுங்கள், பார் சுவரோடு நெருங்கும். முழுவதும் சரியாகாது, ஏனென்றால் பாரின் முன் முகம் எப்படியும் சுவருக்கு முன்னால்தான் இருக்கும். அதனால் டேட்டா லேபிள் கட்டாயம்.

பின்வரிசை தெரியவில்லை என்று டெப்த்தை ஏற்றுவது

40, 60, 80 கவுன்ட் (நூலின் நுண்மையைச் சொல்லும் எண்) என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைக்கும் சார்ட்டில் முன்வரிசை உயரமாக இருந்தால் பின்வரிசை மறையும். உடனே டெப்த்தை 100-லிருந்து 400, 500 என்று ஏற்றுகிறார்கள். பெட்டி நீளமான கிடங்கு போல ஆகிறது, கடைசி வரிசை எங்கோ போய் நிற்கிறது, பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டுவது) இருந்தால் அது இன்னும் குட்டையாகத் தெரியும். மறைத்த பிரச்சினையை எடுத்து, சிறுத்த பிரச்சினையைக் கொண்டுவருகிறோம். டெப்த்தைத் தொடாமல் ஆழ அச்சில் வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள், குட்டையானது முன்னால் வரட்டும். மாதத்துக்கு மாதம் உயரம் மாறி மாறி வரும் டேட்டாவென்றால் இதுவும் உதவாது. அப்போது பார்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தும் வகைக்கு மாறிவிடுங்கள்.

பெர்ஸ்பெக்டிவ்

ரைட் ஆங்கிள் ஆக்சஸ் டிக்கை வையுங்கள். பெர்ஸ்பெக்டிவ் தானாக அடங்கும்.

வொய் ரொட்டேஷன்

சார்ட்டை எவ்வளவு மேலிருந்து பார்க்கிறோம் என்ற கோணம் இது. 15-லேயே இருக்கட்டும்.

அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் இருப்பது

நான் 3.0-ல் தொடங்கியதும் தவறுதான். பாரின் உயரமே மதிப்பு என்று கண் நினைக்கும்போது, அடியை வெட்டினால் உயரச் சதவீதத்தை எவ்வளவு ஒழுங்காக வைத்தும் பயனில்லை. மதிப்புகள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அடியை வெட்டிவிடும், அதையும் கவனியுங்கள். சின்ன வித்தியாசத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் 2டி லைன் சார்ட் போடுங்கள்.

பை சார்ட்டைச் சாய்ப்பது

பையில் வேறு கணக்கு. தட்டைச் சாய்த்தால் முன்னால் இருக்கும் துண்டு அகன்று தெரியும். அதோடு தட்டின் கனமும் முன்பக்கம்தான் தெரியும், முன் துண்டுக்குக் கூடுதல் நிறம் கிடைக்கும். 2008 ஜனவரியில் மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தைப் பை சார்ட் இதற்குப் பேர்போன உதாரணம். ஆப்பிளின் 19.5 சதவீதத் துண்டு முன்னால் இருந்தது, "மற்றவை" என்ற 21.2 சதவீதத் துண்டு பின்னால் இருந்தது. பார்த்தால் 19.5-தான் பெரியது என்று சத்தியம் செய்யலாம். பயிற்சிக்கு வருபவர்களுக்கு எண்ணை மறைத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டுவேன். இதுவரை ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

3டி பை போட்டே ஆக வேண்டுமென்றால் ஆட்டோஸ்கேலை எடுத்துவிட்டு உயரத்தை 10, 15 என்று இறக்குங்கள், தடித் தட்டு மெல்லிய தோசைக்கல் மாதிரி ஆகும். வொய் ரொட்டேஷனை இங்கே மட்டும் ஏற்றலாம். 60, 70 வைத்தால் கிட்டத்தட்ட மேலிருந்து பார்ப்பது போல இருக்கும், வட்டம் வட்டமாகவே தெரியும். எக்ஸ் ரொட்டேஷனைச் சுற்றி, தனக்கு வேண்டிய துண்டை முன்னால் கொண்டுவருவதை மட்டும் செய்யாதீர்கள். யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

அந்தத் தம்பி நேற்று ரிப்போர்ட்டைத் திருத்திக் கொண்டுவந்தார். நான்கு சார்ட்டும் ஒரே உயரம், 60 சதவீதம். இரண்டாவது பக்கத்தில் இடம் போதாமல் ஒரு டேபிள் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது. "பக்கம் கூடிடுச்சுக்கா, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.