பெடியளின் கச்சேரிக்குப் போகும் பெரிய கலைஞர்களுக்கு

திருவிழா மேடைகளில் கிற்றார் வாசித்தே நரைத்தவன் நான். கிளிநொச்சிப் பக்கம் பெடியள் தகரக் கொட்டகைக்குள் றொக் வாசிக்கிறாங்கள் என்றால் கட்டாயம் போய்க் கேளுங்கள். ஆனால் பிரமுகராகப் போகாதீர்கள்.

1977 ஜனவரியில் லெட் செப்பலின் என்ற பெரிய றொக் குழுவின் றொபேட் பிளாண்டும் ஜிம்மி பேஜும் லண்டன் கொவென்ற் கார்டனில் இருந்த றொக்சி கிளப்புக்கு ‘த டாம்ன்ட்’ என்ற பங்க் (அப்போது புதிதாகக் கிளம்பிய வேகமான, முரட்டு றொக்) குழுவைக் கேட்கப் போனார்கள். பெரிய அரங்குகளை நிரப்பியவர்கள், பங்க் பெடியளின் சின்னக் கிளப்புக்குள்!

சரி, உங்கள் விசயம். வாசலில் காசு கொடுத்தே உள்ளே போங்கள். பொன்னாடை என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே மறித்துவிடுங்கள். முன்வரிசைக் கதிரையும் வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில், ஜெனரேற்றர் வயர் காலில் தடக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். வன்னி வெக்கையில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள், பெடியன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். மைக்கை நீட்டினாலும் வாங்காதீர்கள். (எங்கட ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்.)

முடிந்த பிறகு அறிவுரை வேண்டாம். “தம்பி, அந்த இரண்டாவது பாட்டின் தொடக்கத்தை எப்படி வாசிச்சனீர்?” என்று கேளுங்கள். அப்புறம், உதிரிக் கம்பி செற் ஒன்று கொண்டுபோயிருந்தால் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.