கடல்பாசி மாத்திரை வாங்கும் முன்: கிழங்கு சாப்பிட்ட பின் சுகர் எவ்வளவு ஏறுகிறது என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

"கிழங்கைக் குறையுங்கள்" என்ற பேச்சு நீலகிரியில் சுகர் உள்ள எல்லோருக்கும் கேட்டுப் பழகியதுதான். ஆனால் கேத்திப் பக்கம் வீட்டு வாசலிலேயே உருளைக்கிழங்கு மூட்டை நிற்கும்போது அதைக் கடைப்பிடிப்பது லேசில்லை. அதனால்தான் மாவுச்சத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் கடல்பாசி மாத்திரை மேல் பலருக்கும் ஆசை வருகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரை பாட்டிலுக்கு முன்னால் சுகர் மெஷினுக்குச் செலவு செய்யுங்கள்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

கிழங்கிலும் சோற்றிலும் உள்ள மாவுச்சத்தை எச்சிலிலும் கணையநீரிலும் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி உடைக்கிறது. மிச்ச வேலையைச் சிறுகுடல் சுவரில் உள்ள குளுக்கோசிடேஸ் முடிக்கிறது. அப்புறம்தான் அது குளுக்கோஸாக ரத்தத்துக்குப் போகும். பழுப்பு நிறக் கடல்பாசிகளில் இருக்கும் ஃப்ளோரோடானின் என்ற பொருள் இந்த இரண்டு நொதிகளையும் மந்தப்படுத்துகிறது. சுகருக்கு டாக்டர்கள் எழுதித் தரும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் வேலை செய்வதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான்.

சோதனைக் குழாயில் நன்றாகத் தெரிகிற இந்த விளைவு, மனிதர்களிடம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2011-ல் கனடாவில் 23 பேருக்கு 500 மி.கி. பழுப்புக் கடல்பாசிச் சாறு கொடுத்து, அரை மணி நேரம் கழித்து ரொட்டி சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். இன்சுலின் சுரப்பு 12 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ரத்தச் சர்க்கரையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவில் 38 பேரிடம் 2,000 மி.கி. வரை கொடுத்தும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இறங்கவில்லை. அதனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

படி 1: தேவையானவை

சுகர் மெஷின், காலாவதி ஆகாத ஸ்ட்ரிப், புது ஊசிகள், சமையலறைத் தராசு, ஒரு நோட்டு. மெஷின் கையேட்டில் உயர வரம்பு போட்டிருக்கும், பாருங்கள். 3,000 மீட்டரை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான் என்பதால் கவலையில்லை.

படி 2: குளிரில் சரியாகக் குத்துவது

மலையில் இருப்பவர்களுக்கு அளவு தப்புவது இந்த இடத்தில்தான். பல மெஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. மார்கழி, தை மாதக் காலையில் ஜன்னல் ஓரம் வைத்திருந்த மெஷின் எண்ணுக்குப் பதிலாக வெப்பநிலைக் குறியைக் காட்டும். உடனே அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஸ்வெட்டர் பாக்கெட்டில் இருபது நிமிடம் போட்டு வைத்தால் போதும்.

விரல்கள் விறைத்திருந்தால் ரத்தம் வராது. வராத ரத்தத்தைப் பிழிந்து எடுத்தால் கூடவே திசுநீரும் கலந்து அளவு தப்பும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் குத்தினால் வலி அதிகம். பிளம்ஸோ பேரிக்காயோ நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய பழச்சாறே சுகரை ஏற்றிக் காட்டிவிடும். ஸ்ட்ரிப் எடுத்த அடுத்த நொடி டப்பாவை மூடுங்கள். மூடுபனி ஈரம் பட்டால் மிச்ச ஸ்ட்ரிப்பும் போச்சு.

படி 3: அடிப்படை அளவு

காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை பாருங்கள். பிறகு வேகவைத்து உரித்த கிழங்கு 250 கிராம், உப்பு மட்டும் போட்டுச் சாப்பிடுங்கள். இதில் ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து இருக்கும். டீயும் வர்க்கியும் அன்று வேண்டாம். வர்க்கியில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறும் நேரத்தையே தள்ளிப் போட்டுவிடும்.

முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 30, 60, 90, 120 நிமிடங்களில் பாருங்கள். சுகர் இல்லாதவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் 140-க்குள் வந்துவிட வேண்டும். சுகர் உள்ளவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 180-க்குள்.

இதையே இன்னொரு நாளும் செய்யுங்கள். வீட்டு மெஷின்களுக்கு 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. உண்மையில் 160 இருந்தால் 136 என்றும் காட்டலாம், 184 என்றும் காட்டலாம். ஒரே நாள் அளவை வைத்து "மாத்திரை 10 குறைத்தது" என்று சொல்ல முடியாது.

படி 4: செலவில்லாத மாற்றங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, படி 3-ல் செய்தது போலவே அளந்து பாருங்கள். முதல் நாளே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு ஒரு வழி. ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறும், லேசாகச் சூடாக்கினாலும் கொஞ்சம் அப்படியே இருக்கும். பீன்ஸ் பொரியலும் முட்டையும் முதலில், கிழங்கு கடைசியில் என்பது இன்னொன்று. சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது மூன்றாவது. நம் ஊர் மேட்டில் அந்த நடை நல்ல வேலை வாங்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் மாத்திரைக்குப் போகாதீர்கள் என்றுதான் நான் அழுத்திச் சொல்வேன்.

படி 5: அதற்கு மேலும் சாறு பார்க்க வேண்டுமானால்

மளிகைக் கடையில் ஜெல்லி செய்ய விற்கும் கடல்பாசி இது அல்ல. அது சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. ஆய்வுகளில் பயன்பட்டவை வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கரைகளில் வளரும் பழுப்புப் பாசிகள். நம் மண்டபம் கடலிலும் பழுப்புப் பாசி உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கடல்பாசியிலிருந்து சர்க்கரை நோய்க்கான ஒரு சாறு தயாரித்திருக்கிறது. லேபிளில் பாசியின் பெயர், ஒரு மாத்திரையில் உள்ள சாற்றின் அளவு, அயோடின் அளவு மூன்றும் இல்லாத பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். பழுப்புப் பாசியில் அது எளிதாக மிஞ்சிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் வரக்கூடும்.

டாக்டர் சரி என்றால், லேபிளில் உள்ள அளவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் எடுத்து, படி 3-ஐ அப்படியே இரண்டு நாள் செய்து நோட்டில் பக்கத்தில் எழுதுங்கள். வழக்கமான சுகர் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் இந்தச் சோதனையையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும், பக்கத்தில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். அகார்போஸோ வோக்லிபோஸோ சேர்த்து எடுப்பவர்களுக்கு, படபடப்பு வந்து சுகர் 70-க்குக் கீழே போனால் சீனி போட்ட டீ சீக்கிரம் கைகொடுக்காது. அந்த மருந்து சீனி உடைவதையும் தாமதப்படுத்தும். குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள்.