அசையும் நோயாளிக்கு மூளை எம்ஆர்ஐ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ பக்கவாதம் வந்த பெரியவரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சொன்னது புரியாமல் கையைக் காலை உதறுகிறார். அவருக்கும் வழக்கமான 25 நிமிட வரிசையை (ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் பல வகைப் படங்கள், அதாவது சீக்வன்ஸ்கள்) அப்படியே ஓட்டத் தொடங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மருத்துவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேளுங்கள். ரத்த அடைப்பா என்பதுதான் கேள்வி என்றால் புதிய அடைப்பைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தை முதலில் எடுங்கள். சுமார் ஒரு நிமிடத்தில் முடியும். அடுத்து, மூளைநீரின் வெளிச்சத்தை அடக்கிப் புண்களைக் காட்டும் ஃப்ளேர், ரத்தக்கசிவு பார்க்க கிரேடியன்ட் எக்கோ. மூளையின் அமைப்பைக் காட்டும் டி1 கடைசியில் போதும். அவர் நடுவில் எழுந்துவிட்டாலும் சிகிச்சைக்கு முக்கியமானது கிடைத்திருக்கும்.

4 நிமிட ஃப்ளேர் கெட்டதும் அதையே மறுபடி ஓட்டுவது அடுத்த தவறு. படத்துக்கான தகவல் அந்த 4 நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால், இடையில் ஒருமுறை தலை திரும்பினாலே படம் முழுக்க நிழல் படியும். தெளிவு கூடட்டும் என்று ஆவரேஜை (அதே தகவலை எத்தனை முறை எடுத்துச் சராசரி பார்ப்பது என்ற எண்ணிக்கையை) ஏற்றினால் நேரம் நீண்டு இன்னும் மோசமாகும். 2 ஆவரேஜை 1 ஆக்கினால் நேரம் பாதியாகும். இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் சுமார் 30 சதவீதம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓயாமல் உதறுபவருக்கு சிங்கிள் ஷாட் டி2 நல்லது. ஒவ்வொரு ஸ்லைஸும் (மூளையின் ஒரு குறுக்குவெட்டுப் படமும்) ஒரு நொடிக்குள் முடிவதால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். சின்னப் புண்கள் அதில் தவறலாம், அது தெரிந்தே எடுக்க வேண்டும். புரொப்பெல்லர், பிளேடு என்ற, தகவலைச் சுழலும் பட்டைகளாக எடுக்கும் வகைகள் அசைவைத் திருத்தும். ஆனால் நேரத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் வந்தவர் சிறுநீரை அடக்கிக்கொண்டு எப்படி அசையாமல் படுப்பார்? அதை முதலில் கவனியுங்கள். அரைஞாண் கொடி, சேஃப்டி பின், ஏர்வாடியில் கட்டிய தாயத்து என்று உலோகம் இருக்கக்கூடிய எல்லாவற்றையும் காந்த அறைக்கு வெளியிலேயே பாருங்கள். தாயத்தைக் கழற்றக் குடும்பம் தயங்கும். வெளியே இருப்பவர் கையில் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று மரியாதையாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். உள்ளே துணைக்கு வருபவருக்கும் இதே சோதனை வேண்டும்.

கட்டிப்போட்டு எடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த இடத்தில் தீப்பற்றி 28 பேர் இறந்த மாவட்டம் இது. கட்டினால் பயம் கூடும், அசைவும் கூடும். காதுக்கு அடைப்பான், தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்சு, பழகிய குரல் ஆகியவைதான் உதவும். கீழக்கரைப் பெரியவருக்கு மகள் பக்கத்தில் நின்று, "வாப்பா, இன்னும் ரெண்டு நிமிஷந்தான் சத்தம் வரும்" என்று சொல்லட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் சொல்ல வேண்டும்.

மயக்க ஊசி கடைசி வழி. மயக்க மருத்துவரும், எம்ஆர்ஐ அறைக்கு ஏற்ற ஆக்சிஜன் அளவு மானிட்டரும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. பக்கவாத நோயாளிக்கு மூச்சு அடங்கிப்போகலாம். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தால் பெரும்பாலும் ஊசியே வேண்டியிருக்காது.

அப்புறம், கலங்கிய படத்தைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதாதீர்கள். எந்த சீக்வன்ஸ் எடுக்க முடியவில்லை, எது அசைவால் கெட்டது என்று ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.