வெளிநாட்டில் எனாமல் இரும்புச் சட்டி வாங்கி மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

என் தங்கை பாரிஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்க இரண்டு முறை போய் வந்தேன். இரண்டு முறையும் ஒவ்வொரு எனாமல் இரும்புச் சட்டி கொண்டுவந்தேன். முதலாவதின் மூடி விளிம்பில் அரிசி மணியளவு எனாமல் உடைந்திருந்தது. இரண்டாவது மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள என் வீட்டுக்கு ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இடையில் நான் கற்றுக்கொண்டவற்றை, முதன்முறை வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்ளுங்கள். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி வார்த்தெடுத்து, அதன்மேல் கண்ணாடித் தூள் குழம்பைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில் சூளையில் சுடுகிறார்கள். எனாமல் என்பது கண்ணாடிதான். அம்மம்மா வீட்டு எனாமல் கோப்பை கீழே விழுந்தால் விளிம்பு உதிர்ந்து, அந்த இடத்தில் கறுப்புத் தெரிந்து, பிறகு துருப்பிடிக்குமே, அதே கண்ணாடிப் பூச்சுதான். கோப்பை மெல்லிய தகடு. இது கனத்த வார்ப்பிரும்பு. மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். மாட்டிறைச்சிக் கறியும் நண்டுக் கறியும் சிறு தீயில் அடிப்பிடிக்காமல் வேகும். வெறும் இரும்புத் தாச்சியில் புளி விட்டால் ஆணம் கறுத்துப்போகும். எனாமல் சட்டியில் அந்தக் கவலை இல்லை.

1. வீட்டில் அளவெடுங்கள்

எந்த அளவுச் சட்டி என்பதைப் பாரிஸ் கடையில் நின்று தீர்மானிக்காதீர்கள். அங்கே விளக்கொளியில் எல்லாச் சட்டியும் அழகாகத்தான் இருக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே, நீங்கள் அன்றாடம் கறி வைக்கும் சட்டியின் வாயை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் கையைச் சோதியுங்கள். 24 சென்ரிமீற்றர் வட்டச் சட்டி மூடியோடு நான்கு கிலோவுக்குக் குறையாது. மூன்று லீற்றர் கறியும் சேர்ந்தால் ஏழு கிலோவைத் தாண்டும். ஒரு வாளியில் ஏழு லீற்றர் தண்ணீர் நிரப்பி, இரு கைகளாலும் அடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பக்கத்து மேசைக்கு மாற்றி வையுங்கள். மணிக்கட்டு நடுங்கினால் 22 அல்லது 20 போதும். நான்கைந்து பேருள்ள வீட்டுக்கு 24 தாராளம். 28 சென்ரிமீற்றர் சட்டி வெறுமையாகவே ஏறத்தாழ ஆறு கிலோ இருக்கும். கல்யாணத்துக்குச் சமைப்பவர்களுக்கு அலுமினியக் கிடாரமே நல்லது.

அடுப்பையும் பாருங்கள். எரிவாயு அடுப்புக்கும் மின்னடுப்புக்கும் இது ஏற்றது. விறகடுப்பில் மட்டும் ஏற்ற வேண்டாம். எழும்பும் சுவாலை ஒரு பக்கத்தை மட்டும் திடீரென்று சூடாக்கினால் கண்ணாடிப் பூச்சு வெடிக்கலாம். விறகடுப்புக்கு மண்சட்டியை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கருத்து.

2. பெட்டியில் இடம் ஒதுக்குங்கள்

கைப்பையில் கொண்டுவரலாம் என்று எண்ண வேண்டாம். பல விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான். அமெரிக்க விமான நிலையங்களில் வார்ப்பிரும்புப் பாத்திரத்தைக் கைப்பையில் அனுமதிப்பதே இல்லை. எனவே சரக்குப் பெட்டியில், பொதியலோடு சேர்த்து ஆறு கிலோவை ஒதுக்குங்கள். மச்சாள் தரும் சொக்லேட்டும் பிள்ளைகளுக்கான சப்பாத்தும் அதன் பிறகுதான். மொத்த அனுமதி எவ்வளவாக இருந்தாலும், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

3. எதை, எங்கே

பிரான்சில் இரண்டு பெயர்கள் முன்னே நிற்கின்றன. லெ குருசே 1925இல் வடபிரான்சின் பிரெனுவா லெ கிரான் என்ற ஊரில் தொடங்கியது. ஸ்டௌப் 1974இல் கிழக்குப் பிரான்சின் அல்சாஸில் பிறந்தது. முதலாவதின் வட்டச் சட்டிகளுக்கு உட்புறம் வெளிர் நிறம். இரண்டாவதுக்கு உட்புறம் சொரசொரப்பான கறுப்பு. மூடியின் அடியில் சிறு முனைகள் இருக்கும், ஆவி அவற்றில் துளித்துக் கறியில் திரும்ப விழும்.

மஞ்சள் கறை தெரியாது என்பதற்காகக் கறுப்பையே வாங்கச் சொல்வார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் வெளிர் நிறத்தையே சொல்வேன். வெங்காயம் பொன்னிறமாவதும் மிளகாய்த்தூள் கருகத் தொடங்குவதும் அதில் தெளிவாகத் தெரியும். மஞ்சள் கறைக்குத் தண்ணீரில் அப்பச்சோடா போட்டுக் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

பெயர்பெற்ற சட்டி புதிதாக 200 யூரோவை எளிதில் தாண்டும். ஜனவரியிலும், ஜூன் கடைசி தொடங்கி ஜூலையிலும் பிரான்சில் அரசு அனுமதிக்கும் மலிவு விற்பனைக் காலம் வரும். பயணத்தை அதற்கேற்ப அமைக்க முடிந்தால் நல்லது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகிறவர்கள் ஒருநாள் நகர நடுவிலுள்ள லே ஆல் பக்கமும் போய்வாருங்கள். 1820 முதல் இருக்கும் தெயிலரன் என்ற பாத்திரக்கடை அங்கே உண்டு. வாங்காவிட்டாலும் பார்க்க வேண்டிய கடை.

4. கடையில் சோதிக்கும் முறை

இந்தப் படிக்கு அரைமணி நேரம் எடுங்கள். இங்கே திரும்பிய பிறகு மாற்றித் தரச் சொல்ல முடியாது. உத்தரவாதச் சீட்டு இருந்தாலும் ஐந்து கிலோ இரும்பைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

காட்சிக்கு வைத்திருப்பதை எடுக்காமல், பெட்டி பிரிக்காத ஒன்றைக் கேளுங்கள். மூடியைத் தனியே எடுத்து ஓரமாக வையுங்கள். சட்டியை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து உட்புறத்தைப் பாருங்கள். ஊசிமுனைத் துளை, தலைமயிர் போன்ற வெடிப்பு, குமிழ் ஏதாவது இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். அடுத்து விரல்நுனியால் வாய் விளிம்பைச் சுற்றி வாருங்கள். விளிம்பில் மங்கலான கறுப்புப் பட்டை இருக்கும். அது குறை அன்று, மெல்லிய பூச்சு. மூடியின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று சிறு புள்ளிகள் தெரியலாம். சூளையில் தாங்கி நின்ற இடங்கள் அவை. கூராக வெட்டும் இடம் இருந்தால் அதுதான் உடைவு.

கடைசியாக, தயிர்ச் சட்டி வாங்கும்போது செய்வதைப் போல விரல்மொழியால் தட்டுங்கள். முழுச் சட்டி மணிபோல் ஒலிக்கும். வெடித்தது மந்தமாக ஒலிக்கும். மண்ணுக்குப் பொருந்தும் அந்தச் சோதனை இரும்புக்கும் பொருந்துகிறது.

பழைய பொருட் சந்தையில் வாங்குவதானாலும் இதே முறைதான். வெளிப்புறக் கீறலுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். உட்புறத்தில் பூச்சு உடைந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், கண்ணாடிச் சில்லு கறியில் விழும்.

5. வரியைத் திரும்பப் பெறுங்கள்

பலர் இங்கேதான் காசை இழக்கிறார்கள். பிரான்சில் 100 யூரோவுக்கு மேல் வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்போர், விலையில் அடங்கிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். பணம் கட்டும்போதே உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி, ‘தெதாக்ஸ்’ என்று, அதாவது வரியைத் திரும்பப் பெறும் படிவத்தை, கேளுங்கள். அங்கேயே வசிக்கும் தங்கையின் பெயரில் பற்றுச்சீட்டு எழுதினால் அந்த உரிமை போய்விடும். விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தை வருடிக் காட்டிய பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம்.

டுபாயில் சுற்றுலாப் பயணிகளுக்கு இதே வசதி உண்டு. வரி 5 வீதம்தான். பிரித்தானியா 2021இல் இருந்து கடையில் வாங்கிக் கையோடு எடுத்துவரும் பொருட்களுக்கு இதை நிறுத்திவிட்டது. கனடாவில் 2007இலேயே நின்றுவிட்டது. பற்றுச்சீட்டை இங்கே சுங்கத்தைக் கடக்கும் வரை கைப்பையில் வைத்திருங்கள்.

6. பொதியுங்கள்

என் முதற்சட்டி உடைந்தது இங்கேதான். மூடியைச் சட்டிமேல் அப்படியே வைத்து, சுற்றிலும் சேலைகளைச் சுற்றியிருந்தேன். வெளியே மெத்தென்று இருந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் மோதின. வண்டியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணாடி கண்ணாடியில் இடித்திருக்கிறது.

இரண்டாம் முறை மூடியைத் தலைகீழாகத் திருப்பி, குமிழ் உள்ளே இறங்குமாறு வைத்தேன். சட்டியின் உட்புறத்தைத் துவாயாலும் காலுறைகளாலும் இறுக நிரப்பி, விளிம்பைச் சுற்றிக் கனத்த அட்டையை மடித்து வைத்து, அதன்மேல்தான் மூடி. இரு கைபிடிகளையும் சேர்த்து நாடாவால் கட்டினேன். சட்டியைக் கையிலெடுத்துக் குலுக்கிப் பாருங்கள். ‘டக்’ என்ற ஒலி வந்தால் இன்னும் துணி திணியுங்கள். பெட்டியில் சக்கரங்கள் இருக்கும் பக்கம், நான்கு புறமும் ஒரு சாண் துணி இருக்குமாறு வையுங்கள். மேல்பக்கம் வைத்தால் பெட்டி கவிழும்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்பு வரை முழு இரவுப் பயணம். பஸ்ஸின் அடித்தட்டில் மற்றவர்களின் பெட்டிகளோடு உருளவிடாதீர்கள். நான் சட்டியை மட்டும் வெளியே எடுத்து, கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

7. முதற்சமையல்

வெந்நீரில் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் விட்ட பிறகே அடுப்பை மூட்டுங்கள். தீ எப்போதும் நடுத்தரத்துக்குக் கீழே. வெறும் சட்டியை அடுப்பில் காயவைக்க வேண்டாம், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். இதற்கென்று விலைகொடுத்துக் கரண்டி வாங்கத் தேவையில்லை. நம் சிரட்டை அகப்பை எனாமலைக் கீறாது.

கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று விளிம்பைத்தான் முதலில் தின்னும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி எண்ணெயை விரலால் விளிம்பில் தேய்த்துவிட்டு, மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு துணித்துண்டை மடித்து வையுங்கள். என் முதற்சட்டியின் அரிசி மணியளவு வடு ஆறு ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் அப்படியே இருக்கிறது.