மேசையில் பொருத்தும் பிரைமர் கருவி: பழுது எங்கே இருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸைத் தூக்கிப் போடுவதில்லை. சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், புது வெடிமருந்து, புது குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் சட்டம் இடம் கொடுக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு.

இந்த வேலையில் மிகச் சின்னதும் மிக உஷாராகக் கையாள வேண்டியதும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். ஒரு குட்டி உலோகக் கிண்ணம், அதனுள் அடிபட்டால் வெடிக்கும் கலவை, அதன் மேல் அன்வில் என்கிற மூன்று கால் தகடு. கேஸின் அடியில் உள்ள குழியில் இதை அழுத்திப் பதிக்க வேண்டும். கையடக்கக் கருவியாலும் செய்யலாம், கேஸை அளவுக்குக் கொண்டுவரும் பிரஸ் என்கிற இயந்திரத்திலேயே செய்யலாம், மேசையில் போல்ட் போட்டு முடுக்கிய தனிக் கருவியாலும் செய்யலாம். ஆயிரக்கணக்கில் பதிப்பவர்களும் விரல் மூட்டு வலி உள்ளவர்களும் கடைசியில் மேசைக் கருவிக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நீளமான நெம்புகோல், கைக்கு வலியே தெரியாது. ஆனால் தொந்தரவும் அந்த நெம்புகோலிலேயேதான் இருக்கிறது. கையடக்கக் கருவியில் பிரைமர் இறங்க மறுத்தால் கட்டைவிரலே சொல்லிவிடும். மேசைக் கருவி எதையும் சொல்லாது, நசுக்கிவிட்டுப் போய்விடும்.

முதல் தவறு இதிலிருந்தே பிறக்கிறது. இறங்கவில்லை என்றதும் இன்னும் அழுத்துவது. கூடாது. நிறுத்தி, நெம்புகோலைத் திருப்பி, கேஸை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பிரைமர் பக்கவாட்டில் சாய்ந்திருக்கலாம், தலைகீழாக இருக்கலாம், குழியே அதற்குப் பொருந்தாததாக இருக்கலாம். இந்த மூன்றையும் பலத்தால் சரிசெய்ய முடியாது.

குழி பொருந்தாமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ராணுவ கிரிம்ப். அமெரிக்க ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் லேக் சிட்டி ஆலையில் வரும் 5.56, 7.62 மி.மீ. கேஸ்களில், பிரைமர் கழன்று வராமல் இருக்கக் குழியின் விளிம்பை உள்பக்கமாக அமுக்கியிருப்பார்கள். பழைய பிரைமரை வெளியே தள்ளிய பிறகும் அந்த விளிம்பு அப்படியே நிற்கும். புது பிரைமர் அதில் முட்டி ஓரம் மடங்கும். இதைப் பார்த்துவிட்டுக் கருவி மோசம் என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. உண்மையில் தேவைப்பட்டது, அந்த விளிம்பை அழுத்தி விரிக்கும் ஸ்வேஜர், இல்லையென்றால் சீவி எடுக்கும் ரீமர். டில்லன் நிறுவனத்தின் சூப்பர் ஸ்வேஜ் 600 இந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்டது. ரீமரைப் பயன்படுத்துபவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். அதிகம் சீவினால் குழி தளர்ந்துவிடும், அந்தக் கேஸ் குப்பைக்குத்தான்.

அடுத்து அளவுக் குழப்பம். வழக்கமான கைத்துப்பாக்கி, ரைஃபிள் பிரைமரில் விட்டம் இரண்டுதான்: சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். கேட்க எளிது. ஆனால் .45 ஏசிபி என்கிற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கேஸ்களில் பெரும்பாலானவை பெரிய பிரைமருக்கானவை என்றாலும், சில சிறிய பிரைமருக்கென்று வருகின்றன. சுடுகளத்தில் பொறுக்கிய பித்தளையில் இரண்டும் கலந்தே கிடக்கும். 6.5 கிரீட்மோர் என்கிற ரைஃபிள் தோட்டாவிலும் இரண்டு வகை உண்டு. சிறிய குழிக்குள் பெரிய பிரைமரை நெம்புகோலால் தள்ளினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். பதிக்க உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு கேஸின் அடியையும் ஒருமுறை கண்ணால் பார்த்துப் பிரித்து வைத்தால் போதும்.

இதைவிடக் கள்ளத்தனமான குழப்பம் ஒன்று இருக்கிறது. பெரிய கைத்துப்பாக்கி பிரைமருக்கும் பெரிய ரைஃபிள் பிரைமருக்கும் விட்டம் ஒன்றே, ரைஃபிள் பிரைமர்தான் சற்று உயரம். அதைக் கைத்துப்பாக்கி கேஸில் வைத்தால் சுலபமாக உள்ளே போகும், ஆனால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கருவி முழுதாக அழுத்தவில்லை என்று நினைத்து அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்போம். சிறிய வகையில் கைத்துப்பாக்கி, ரைஃபிள் இரண்டுக்கும் உயரமும் ஒன்றே, ரைஃபிளுடைய கிண்ணம் பொதுவாகக் கெட்டியானது. அங்கே மாறிப்போனால் பதிக்கும்போது எதுவும் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். எனவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகைப் பெட்டி மட்டும்.

ஐரோப்பிய, பழைய ராணுவக் கேஸ்கள் சிலவற்றில் பெர்டன் வகைக் குழி இருக்கும். அன்வில் கேஸின் ஒரு பகுதியாகவே இருக்கும், நடுவில் ஒற்றைத் துளைக்குப் பதில் பொதுவாக இரண்டு சின்னத் துளைகள். இதுவரை சொன்ன, அன்வில் பிரைமரிலேயே இருக்கிற வகைக்குப் பாக்சர் என்று பெயர். பெர்டன் என்பவர் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். அமெரிக்கர்கள் பாக்சர் வகையைப் பிடித்துக்கொள்ள, ஐரோப்பா பெர்டன் பக்கம் போனது வேடிக்கை. சாதாரண ரீலோடிங்குக்குப் பெர்டன் கேஸ் உதவாது, ஒதுக்கிவிடுங்கள்.

சரி, எவ்வளவு ஆழம்? கேஸின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் ஒரு தவறுதான். நோக்கம், அன்விலின் கால்கள் குழியின் தரையைத் தொட்டு, கிண்ணம் அதன்மேல் லேசாக இறுகி அமர வேண்டும் என்பது. கால்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், துப்பாக்கியின் ஊசி கொடுக்கிற அடியில் பாதி பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே போய்விடும், வெடிக்காது. இரண்டாவது முறை அடித்தால் வெடிக்கும். ‘முதல் அடியில் வெடிக்கவில்லை, இரண்டாம் அடியில் வெடித்தது’ என்று யாராவது சொன்னால், பிரைமர் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பதித்த ஆழத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துருத்திக்கொண்டிருப்பது இன்னும் மோசம். ரிவால்வரில் உருளை சுழலாமல் மாட்டிக்கொள்ளும், அது வெறும் எரிச்சல். எம்1 காரண்ட், ஏஆர்-15 போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் ஊசியைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் என்கிற பாகம் மூடும்போது ஊசி முன்னால் ஓடி பிரைமரைத் தட்டும். ஏஆர்-15இல் ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரில் ஒரு சின்னக் குழிவு தெரியும். அந்த இடத்தில் பிரைமர் துருத்தியிருந்தால் விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கலாம். பிரைமர் தயாரிக்கும் சிசிஐ நிறுவனம் 34, 41 என்ற எண்களில் உணர்திறன் குறைந்த பிரைமர்களை விற்பது இந்த வகை ரைஃபிள்களை மனத்தில் வைத்துத்தான். ஆகவே பதித்த ஒவ்வொரு கேஸின் அடியிலும் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். விரலில் சந்தேகமென்றால் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் கேஸை நிறுத்துங்கள், ஆடினால் துருத்தியிருக்கிறது. கேஸ் காலியாக இருக்கும்வரை மெதுவாக இன்னொரு முறை அழுத்தலாம். மருந்தும் குண்டும் ஏற்றிய தோட்டாவில் அதைச் செய்யவே கூடாது.

எல்லா கேஸிலும் பிரைமர் ஒரே சீராக உயரமாக நின்றால் மட்டும் கருவிமேல் சந்தேகப்படலாம். அதற்கும் முன் குழியைப் பாருங்கள், அடியில் கரி படிந்திருந்தால் பிரைமர் அதன்மேல்தான் உட்காரும். பிறகு பிரைமரைத் தள்ளும் தண்டு. அதன் அடியில் பித்தளைத் துகளோ பழைய பிசுக்கோ சேர்ந்திருந்தால் தண்டு முழுத் தூரம் வராது. அப்புறம் மேசை. மெல்லிய பலகையில் மர ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தால் நெம்புகோலை அழுத்தும்போது பலகையே வளையும், ஒவ்வொரு கேஸுக்கும் ஆழம் மாறும். பலகையை ஊடுருவிப் போகும் போல்ட்டும் அடியில் நட்டும் போட்டால் இந்தப் புகாரில் பாதி தீரும். பிரைமரில் பிறை வடிவத் தழும்பு ஒரே பக்கம் விழுந்தால், தண்டும், கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரும் நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம்.

நேர்மாறாக, எதிர்ப்பே இல்லாமல் பிரைமர் வெண்ணெயில் போவதுபோலப் போனால் சந்தோஷப்படாதீர்கள். அழுத்தம் மிகுந்த தோட்டாக்களாகப் பலமுறை சுட்டதில் குழி விரிந்துவிட்டது. பசை தடவிக் காப்பாற்றப் பார்க்காமல் அந்தக் கேஸை நசுக்கி எறியுங்கள்.

வாங்கும்போது பெரும்பாலோர் வேகத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பிரைமர் எப்படி வந்து சேர்கிறது என்பதை. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் மேசைக் கருவியில் ஒரு வகையில் செங்குத்தான குழாயில் பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதே நிறுவனத்தின் ஏபிஎஸ் வகையில் பிளாஸ்டிக் பட்டையில் தனித்தனியாக வரிசையாக நிற்கும். வேறு சிலவற்றில் தட்டு. குழாய் வேகமானது. ஆனால் நூறு பிரைமர் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிறது, அடியில் ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். அதனால்தான் குழாய்க்கு மேலே முகத்தை வைத்துக் குனிந்து பார்க்கக் கூடாது, சிக்கிய பிரைமரைக் கம்பியால் குத்தித் தள்ளக் கூடாது. ஃபெடரல் நிறுவனப் பிரைமர்களின் பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். உங்கள் கருவியின் கையேடு குறிப்பிட்ட பிராண்டைப் பயன்படுத்தாதே என்று சொன்னால் அதை விற்பனைத் தந்திரம் என்று தள்ளாதீர்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாக ஆழத்தை மாற்றக்கூடிய பிரைமல் ரைட்ஸ் சிபிஎஸ் போன்ற விலை உயர்ந்த கருவிகளும் இருக்கின்றன. தொலைதூரப் போட்டிக்குச் சுடுபவருக்கு அது நியாயம். சுடுகளத்தில் பொறுக்கிய கலப்புப் பித்தளையில் .38 ஸ்பெஷலோ 9 மி.மீ.யோ ஏற்றுபவருக்கு அந்தப் பணம் வீண் என்பது என் எண்ணம், ஏனென்றால் குழியின் ஆழமே கேஸுக்குக் கேஸ் மாறும். அந்தக் காசில் ஒரு ஸ்வேஜரும் குழியைச் சமப்படுத்தும் கருவியும் வாங்கலாம்.

பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமர் பக்கம் போகாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே செய்யவும் வேண்டாம், வழக்கமான பிரைமர் கலவையில் லெட் ஸ்டிஃப்னேட் என்கிற ஈயச் சேர்மம் இருக்கிறது, வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். குழாயிலும் தட்டிலும் அந்தக் கலவையின் தூசு படியும், கருவியின் கையேடு சொல்கிறபடி அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். மிஞ்சிய பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே திரும்ப வையுங்கள், கண்ணாடி ஜாடியில் மொத்தமாகக் கொட்டி வைக்காதீர்கள். தரையில் சிதறினால் கையால் பொறுக்குங்கள், வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், உள்ளே போய் வெடிக்கலாம்.