பங்குனி உத்திரம் மார்ச் 25-லேயே நிற்காது: செல்போன் காலண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25-ஆம் தேதி வந்தது. துபாயில் வேலை பார்க்கும் என் தம்பியால் அந்த முறை வர முடியவில்லை. அடுத்த வருடமாவது சாஸ்தா கோயிலுக்கு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே செல்போன் காலண்டரில் அந்தத் தேதியைப் பதிந்து, 'வருடந்தோறும்' என்று கொடுத்துவைத்தான். போன் காட்டியபடி 2025 மார்ச் 25-ஐ ஒட்டி லீவு கேட்டான், டிக்கெட் எடுத்தான், எடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னான். அந்த வருடம் உத்திரமோ ஏப்ரல் 11. லீவை மாற்ற வழியில்லை. பத்து நாள் இருந்துவிட்டு ஏப்ரல் முதல் வாரத்திலேயே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான். "பிள்ள வந்தும் சாஸ்தாவப் பாக்காமப் போயிட்டானே" என்று அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலிச் சீமையில் சாஸ்தாவைக் கும்பிடும் குடும்பத்தாருக்கு இதன் கனம் தெரியும். ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் பங்காளிகளெல்லாம் ஒரே இடத்தில் கூடுவது அந்த ஒரு நாள்தான். எங்கள் வீட்டு ஆட்களும் அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, துபாய், சிங்கப்பூர் என்று நான்கு இடத்தில் இருக்கிறோம். அந்த வருடத்துக்குப் பிறகு, எல்லார் போனிலும் ஒரே காலண்டர் ஓட வேண்டும் என்று அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். செய்யும்போது எங்கெங்கே தவறு நடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பி செய்த தவறு பலர் வீட்டில் நடக்கிறது. கூகுள் காலண்டரானாலும் ஐபோன் காலண்டரானாலும் 'வருடந்தோறும்' என்றால் அது ஆங்கிலத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். கல்யாண நாள், இன்சூரன்ஸ் பிரீமியம், வண்டியின் எஃப்.சி. போன்றவற்றுக்கு அது சரி. நட்சத்திரத்தையும் திதியையும் வைத்து வரும் நாட்களுக்கு அது ஆகாது. ஆடி அமாவாசை 2024-ல் ஆகஸ்ட் 4, 2025-ல் ஜூலை 24. ஆடி அமாவாசைக்குக் காரையார் மலைக்குள் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போக நினைப்பவர் பழைய தேதியை நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் திதியும் அப்படித்தான். அவர் காலமான ஆங்கிலத் தேதியை வருடந்தோறும் என்று போட்டுவைத்தால், மாதமும் பட்சமும் திதியும் வேறாக இருக்கும் ஒரு நாளில் போன் மணியடிக்கும்.

நான் இப்போது செய்வது இது. திரும்பத் திரும்ப வரும் குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: ஏப்ரல் 14, 'புதுப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி ஏற்று'. சித்திரை பிறந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து, அந்த வருடத்துத் திதி, நட்சத்திரப் பிறந்தநாள், ஆடி அமாவாசை, ஆனித் தேரோட்டம், பங்குனி உத்திரம் எல்லாவற்றையும் தனித்தனிக் குறிப்பாக, திரும்ப வராதபடி ஏற்றிவிடுகிறேன். அரை மணி நேர வேலை. உங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாட்கள் இரண்டிலும் ஒன்றுபோல் வராது. எங்கள் தாத்தா ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு 1125 என்றுதான் இருந்தது. நம் பக்கத்துப் பழைய ஜாதகங்களிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு எழுதும் வழக்கம் உண்டு. ஆவணியில் தொடங்கும் அந்தக் கணக்குப்படி 1125 என்பது 1949 ஆவணியிலிருந்து 1950 ஆடி வரை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு எழுதிவைத்துவிடுங்கள்.

கூகுள் காலண்டரில் இந்தியாவின் விடுமுறை நாட்கள் என்று ஒரு காலண்டரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் பயணம் போடக் கூடாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையை அதில் எதிர்பார்க்க முடியாது. அதையும் நாம்தான் எழுத வேண்டும்.

அடுத்தது எங்கள் பெரியம்மா கதை. கண்ணில் புரை எடுத்துவிட்டு, டாக்டர் வரச்சொன்ன தேதிகளையெல்லாம் பேரன் கையால் போனில் ஏற்றி வைத்திருந்தாள். பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலண்டர் வெறுமையாகக் கிடந்தது. "ஏட்டி, தேதியெல்லாம் பழைய போனோட போச்சே" என்று எனக்குப் போன் போட்டாள். போகத்தான் செய்யும். பேரன் எழுதியது போனுக்குள் இருந்த காலண்டரில்.

இதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆன்லைன் காலண்டர் போனில் இருப்பதில்லை, கணக்கில் இருக்கிறது. போன் அதைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. நீங்கள் ஒரு குறிப்பை எழுதும்போது அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே காட்டும். உங்கள் ஜிமெயில் முகவரி தெரிந்தால் அது இணையத்துக்குப் போகும், மற்ற போனிலும் கணினியிலும் வரும். 'போன்', 'டிவைஸ்' போன்ற பெயர் தெரிந்தால் அது அந்த ஒரு கருவிக்குள்ளேயே கிடக்கும். கருவி போனால் அதுவும் போகும். ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் காலண்டர்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஐகிளவுடா ஜிமெயிலா என்று ஒருமுறை தேர்ந்துவிட்டால், புதிதாக எழுதுவதெல்லாம் அதிலேயே போய்ச் சேரும். வீட்டில் சிலர் ஐபோனும் சிலர் ஆண்ட்ராய்டும் வைத்திருந்தால் எல்லாருக்கும் பொதுவாகக் கூகுள் கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பெரியம்மா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. போன் வாங்கிய கடையில், "பழைய பாஸ்வேர்டு தெரியாதா? புது ஐடி போட்டுத் தாரேன்" என்று ஒரு புதிய ஜிமெயிலை உண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய போனுக்கும் இதே கதைதான். ஆக அவள் பெயரில் மூன்று ஐடி. ஒன்றின் பாஸ்வேர்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் பல பெரியவர்களின் நிலை இதுதான். கடைக்குப் போகும் முன் ஜிமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். மீட்பு எண்ணாக வீட்டில் இன்னொருவருடைய செல் நம்பரையும் கொடுத்துவையுங்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. மறந்துபோன பழைய ஐடியில் கிடக்கும் தேதிகளை எப்போதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

கல்லூரியோ கம்பெனியோ கொடுத்த முகவரியில் வீட்டுத் தேதிகளை எழுதும் பழக்கமும் வேண்டாம். படிப்பு முடிந்ததும், வேலையை விட்டதும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் வரவில்லை என்றால் சிங்க், அதாவது கணக்கில் இருப்பதைப் போனுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வசதி, அணைந்திருக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், உங்கள் கூகுள் கணக்கு என்று போய் காலண்டர் சிங்க் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் காலண்டர் ஆப்பின் செட்டிங்ஸிலும் ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாக ஒரு சிங்க் பொத்தான் இருக்கிறது. ஐபோனின் சொந்தக் காலண்டரில் கூகுள் கணக்கைச் சேர்த்தவர்களுக்கு, மற்றவர் பகிர்ந்த காலண்டர் மட்டும் தெரியாமல் போவதுண்டு. பிரவுசரில் கூகுள் காலண்டரின் 'சிங்க் செலக்ட்' பக்கத்தைத் திறந்து டிக் போட்டால் வந்துவிடும். விண்டோஸில் முன்பு இருந்த மெயில், காலண்டர் ஆப்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. கணினியில் பிரவுசர் வழியாகப் பார்ப்பதே தொல்லையில்லாதது.

இம்போர்ட் செய்வதையும் சப்ஸ்க்ரைப் செய்வதையும் ஒன்றென்று நினைப்பது இன்னொரு தவறு. பள்ளியிலிருந்து தேர்வு அட்டவணை ஐ.சி.எஸ். கோப்பாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1998-லேயே வகுத்த பொது வடிவம் அது; இன்றைக்கும் எல்லாக் காலண்டரும் அதை ஏற்கும். அந்தக் கோப்பை இம்போர்ட் செய்தால் அன்றைக்கு அதில் இருந்ததை நகலெடுத்து உங்கள் காலண்டரில் ஒட்டுவது போல. பிறகு பள்ளி தேதியை மாற்றினால் உங்களுக்குத் தெரியாது. லிங்கைக் கொடுத்துச் சப்ஸ்க்ரைப் செய்தால் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். அதுவும் உடனே வராது. கூகுள் காலண்டரில் 12 மணி நேரம்வரை ஆகலாம். நாளைக் காலைத் தேர்வு தள்ளிப்போனதா என்று அறிய அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் பள்ளிக்கே போன் செய்துவிடுங்கள். இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களுக்கு ஒவ்வொரு தேர்வும் இரண்டு இரண்டாகத் தெரியும். இம்போர்ட் செய்யும்போது அதற்கென்று தனிக் காலண்டர் ஒன்றை உண்டாக்கி அதில் கொட்டினால், வேண்டாதபோது மொத்தமாக எடுத்துவிடலாம். சொந்தக் காலண்டரோடு கலந்துவிட்டால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டுக்கு நேர மண்டலம் பெரிய விஷயம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். தம்பி ஒருமுறை, "இந்திய நேரம் ஆறு மணிக்கு எல்லாரும் வீடியோவில் பேசுவோம்" என்று நினைத்துத் தன் போனில் ஆறு என்று போட்டான். அவன் போன் அதைத் துபாய் ஆறு என்று எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஏழரை, சிங்கப்பூர்த் தங்கைக்கு இரவு பத்து. பேச்சுக்கு அப்படி ஆனால் பரவாயில்லை. விமானத்துக்கு ஆனால் ஆபத்து. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் புறப்பாட்டு நேரம் எப்போதும் புறப்படும் ஊரின் நேரம். திருவனந்தபுரத்திலிருந்து அதிகாலை 4 மணிக்குத் திரும்ப வேண்டிய விமானத்தைத் துபாயில் இருந்தபடியே 4 என்று பதிந்தால், ஊருக்கு வந்ததும் போன் அதை 5.30 என்று காட்டும். பதியும்போது நேரத்துக்குக் கீழே 'டைம் ஸோன்' என்று இருப்பதைத் தொட்டு, இந்திய நேரம் என்று தேர்ந்துவிட வேண்டும். விசேஷ நாட்களை 'ஆல் டே', அதாவது நாள் முழுவதும் என்று போட்டுவிட்டால் எந்த நாட்டில் பார்த்தாலும் தேதி நகராது.

வீட்டார் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரே பாஸ்வேர்டை ஐந்து போனில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் உங்கள் மெயிலும் போட்டோவும் சேர்ந்தே போகும். கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, குடும்பத்துக்கென்று தனிக் காலண்டர் ஒன்றை உண்டாக்கி, ஒவ்வொருவர் ஜிமெயிலையும் அதில் சேருங்கள். யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் திருத்தலாம் என்று ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பார்க்க மட்டும். நானும் தம்பியும் தங்கையும் திருத்துவோம். 'பொதுவில் காட்டு' என்பதை மட்டும் தொடவே தொடாதீர்கள். வீடு எந்த நாட்களில் பூட்டிக்கிடக்கும் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். அதேபோல 'ரகசிய முகவரி' என்று ஒரு லிங்க் இருக்கும். அது கையில் இருக்கிற எவரும் உங்கள் காலண்டரைப் படிக்கலாம். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் உடனே செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுத்து மாற்றிவிடுங்கள். யாரென்றே தெரியாதவர்கள் பரிசு விழுந்திருக்கிறது என்று காலண்டரில் அழைப்பு வைப்பதும் நடக்கிறது. அழைப்புகள் பற்றிய செட்டிங்ஸில், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் சேர்க்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக ஏறியும் மணியடிக்கவில்லை என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். நாள் முழுவதும் என்று போட்ட குறிப்புகளுக்கான நினைவூட்டல் செட்டிங் தனி. மற்றவற்றுக்கு வைத்தது அவற்றுக்குப் பொருந்தாது. பேட்டரியைச் சேமிக்கப் போன் பின்னணியில் ஆப்பை உறங்கவைத்திருக்கலாம். ஒருவர் வைத்த நினைவூட்டல் நேரம் பகிர்ந்தவர் போனில் அப்படியே வராது. அவரவர் போனில் அவரவர்தான் வைக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குத் தம்பி போனில் நான்கு வாரம் முன்னால் என்றும், அம்மா போனில் முந்தைய நாள் என்றும் வைத்திருக்கிறேன். காரையார் பக்கம் மலைக்குள் போய் சிக்னல் விட்டுப்போனாலும், முன்பே சிங்க் ஆன தேதிகள் போனில் தெரியும். அங்கே எழுதியது கீழே இறங்கி சிக்னல் கிடைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும்.

போன மாதம் என் கை தவறிப் பட்டு, பெரியம்மாவின் கண் பரிசோதனைத் தேதி அழிந்துவிட்டது. கூகுள் காலண்டரில் அழித்தவை சுமார் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். கணினியில் செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்த 'டிராஷ்' என்பதைத் திறந்து மீட்டேன். அடுத்த நிமிடமே அவள் போனிலும் அது திரும்ப வந்துவிட்டது.