சின்ன பேனரில் எழுத்து மங்காமல் இருக்க

இணைய விளம்பர பேனர் செய்து அனுப்பியதும் 'எழுத்து மங்கலாத் தெரியுதே' என்று பதில் வந்தால், பலரும் முதலில் கைவைப்பது எக்ஸ்போர்ட் குவாலிட்டியில்தான், அதாவது டிசைனைப் படக்கோப்பாக வெளியே எடுக்கும்போது வைக்கும் தர அளவில். 80 இருந்ததை 100 ஆக்குவார்கள். ஃபைல் வீங்கும், எழுத்து அப்படியேதான் இருக்கும். நான் பார்த்தவரை, எக்ஸ்போர்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்பே எழுத்து மங்கிவிட்டிருக்கும்.

பேனரை அதன் நிஜ அளவிலேயே செய்யுங்கள். 300×250 பிக்சல் என்றால் கேன்வாஸும் (வரையும் பரப்பு) 300×250. பெரிய போஸ்டரைச் சுருக்கி 728×90-க்குள் திணிக்கும்போது பல பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. ஃபோட்டோ அதைத் தாங்கும். எழுத்தின் மெல்லிய கோடு சாம்பலாகக் கரைந்துபோகும். ஃபோட்டோவைத் தனியாகச் சுருக்கிக் கொண்டுவாருங்கள், எழுத்தைப் புதிதாக அடியுங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அச்சுக் கணக்கு) வைத்தால் ஷார்ப்பாக வரும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். திரைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, பிக்சல் கணக்கு மட்டும்தான்.

அப்புறம் ஓரக்கோடு. 800 சதவீதம் ஜூம் செய்து பாருங்கள். 1 பிக்சல் கறுப்புக் கோடு 10.5 என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தால், பக்கத்துப் பிக்சல்கள் இரண்டும் அதைப் பாதிப்பாதி பங்கு போட்டுக்கொள்ளும். கறுப்புக் கோடு இரண்டு பிக்சல் அகலச் சாம்பல் பட்டையாகிவிடும். இடத்தைக் காட்டும் எக்ஸ், ஒய், பிறகு அகலம், உயரம் நான்கும் முழு எண்ணாக இருக்கட்டும். ஸ்ட்ரோக்கை, அதாவது வடிவத்தின் ஓரக்கோட்டை, நடுவில் வைக்காமல் உள்பக்கமாக வையுங்கள். பட்டன், லோகோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலம் 11 பிக்சலில் தப்பித்துக்கொள்ளும். அதே அளவில் நம் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், 'க்' மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி போனால் வார்த்தையே மாறிவிடும். நான் 14 பிக்சலுக்குக் கீழே இறங்குவதில்லை. ரொம்பத் தடித்த போல்டும் வேண்டாம், சுழியின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை அது தின்றுவிடும். 320×50-இல் இடம் பற்றவில்லையா? வார்த்தையைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

இனி எக்ஸ்போர்ட். தட்டையான நிறமும் எழுத்தும் மட்டும் என்றால் பிஎன்ஜி (PNG) ஃபைல்தான். 256 நிறம் போதுமென்றால் பிஎன்ஜி-8 போடலாம், ஃபைல் நன்றாக இளைக்கும். ஆனால் டிதர் (இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டும் வசதி) வேண்டாம். எழுத்தைச் சுற்றிப் பொடிப்புள்ளி தெளித்துவிடும்.

ஃபோட்டோ இருந்தால் ஜேபெக் (JPEG). இதில் சிவப்பு எழுத்துதான் பெரிய தலைவலி. ஜேபெக் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, இடம் மிச்சப்படுத்த நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கும். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து இதில் பிழைத்துக்கொள்ளும். கறுப்பின் மேலோ நீலத்தின் மேலோ சிவப்பு என்றால் ஓரமெல்லாம் கசியும். ஜிம்ப் (GIMP) என்ற இலவசப் பட மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது கூடுதல் அமைப்புகளில் சப்சாம்ப்ளிங்கை (நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் அந்த முறை) 4:4:4 ஆக்குங்கள், அதாவது நிறமும் முழுசாக இருக்கட்டும், கசிவு நிற்கும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் எழுத்தின் நிறத்தை மாற்றுவதே மேல். கலர் புரொஃபைல் எஸ்ஆர்ஜிபி-யாக (sRGB, திரைகளுக்கான பொது நிற அளவுகோல்) இருக்கட்டும்.

இன்றைய ஃபோன் திரைகளில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் 300×250 பேனர் இழுத்துப் பெரிதாக்கப்பட்டுத்தான் தெரியும். விளம்பரம் வாங்குகிற இடம் இரட்டை அளவை ஏற்குமா என்று முதலிலேயே கேளுங்கள். சரி என்றால் அதே டிசைனை 2 மடங்கில் எக்ஸ்போர்ட் செய்து 600×500 ஆகக் கொடுங்கள். எழுத்து வெக்டராக (பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாக) இருப்பதால் கூர்மையாகவே வரும். ஃபைல் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூகுள் ஆட்ஸ் போன்ற இடங்களில் பட விளம்பரத்துக்கு எடை வரம்பு உண்டு. 2 மடங்கு படத்தில் குவாலிட்டியை 60 பக்கம் இறக்கினாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

ஒப்புதலுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள், அங்கே மறுபடி சுருக்கப்படும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.